வெய்யில் நாளில் சுவிஸ் பனிமலை: போக முன் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்திலிருந்து பங்குனி, சித்திரையில் சுவிஸ் போய், சொந்தக்காரரோடு மலை ஏறுபவர்கள் பனிச்சரிவில் மாட்டாமலிருக்க முதலில் கேட்க வேண்டியது, இரவு வானம் வெளித்திருந்ததா என்பதுதான். வெளித்திருந்தால் பனியின் மேல்தட்டு இறுகியிருக்கும். முகில் மூடியிருந்தால் சரியாக உறையாது. விடியவே ஆபத்து தொடங்கிவிடும்.

உருகிய நீர் உள்ளே இறங்கி, பனிமணிகளின் பிணைப்பைக் கரைக்கும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகள் அப்போது வழுகத் தயார். வெய்யில் முதலில் கிழக்குச் சரிவிலும், பிறகு தெற்கிலும், பின்னேரம் மேற்கிலும் வேலை செய்யும். சப்பாத்து கணுக்காலுக்கு மேல் புதைந்தாலோ, பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தாலோ உடனே திரும்புங்கள். கீழே தட்டையான நடைபாதையும் பாதுகாப்பில்லை, மேலிருந்து வருவது அங்கேதான் வந்து நிற்கும்.

தாவோஸ் பனி ஆய்வு நிலையத்தின் பனிச்சரிவு அறிக்கை பின்னேரம் 5 மணிக்கு வரும். 5 ஆபத்துப் படிகளில் 3 என்றால் ‘நடுத்தரம்’ என்று எடுக்காதீர்கள். அனுபவமில்லாதவர்களுக்கு அது வேண்டாம் என்றே அர்த்தம். வசந்தத்தில் காலைக்கு ஒரு படி, மத்தியானத்துக்கு வேறு படி போடுவார்கள், இரண்டையும் பாருங்கள்.

புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீள்கம்பி, மண்வெட்டி மூன்றும் ஆளுக்கொன்று வேண்டும். புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுக்கப் பாருங்கள். மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414.