ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் படிக்கப் போறீங்களா? காலேஜைப் பார்க்கும் முன் ஒரு டிஸ்சார்ஜைப் பாருங்கள்

நீட் கைகொடுக்கவில்லை, நர்சிங் வேண்டாம், ஆனால் மெடிக்கல் லைனை விடவும் மனசில்லை. இப்படி நிற்கிற பிள்ளைகளுக்கு ஆத்தூரிலிருந்து ஓமலூர் வரைக்கும் சொந்தக்காரர்கள் சொல்கிற பதில் ஒன்றுதான்: "ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் போட்டுடு, ஏசி ரூம்ல உட்கார்ற வேலை." ஏசி இருக்கும், மறுக்கவில்லை. உட்காரத்தான் நேரம் இருக்காது.

என்ன வேலை என்று தெரிய வேண்டுமானால், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது தனியார் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆகிற நாளில் கூடவே இருந்து கவனியுங்கள். காலை ஒன்பது மணி ரவுண்ட்ஸில் டாக்டர் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார், ஆனால் நோயாளி வண்டியில் ஏறும்போது சாயந்திரம் நாலு ஆகியிருக்கும். இடையில் நடந்தது என்ன? டியூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும், அவரோ ஐசியூவில் மாட்டிக்கொண்டிருப்பார். வார்டு சிஸ்டர் மிச்ச மருந்தை ஃபார்மசிக்குத் திருப்பி அனுப்பி அதைக் கணக்கில் கழிக்கச் சொல்ல வேண்டும். லேபில் ஒரு ரிப்போர்ட் நிலுவையில் இருக்கும். எல்லாம் முடிந்து ஃபைனல் பில் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் போனால், அங்கிருந்து டிபிஏவுக்கு, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் க்ளெய்மைப் பரிசீலிக்கிற இடை நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்கள் ஒரு கேள்வி கேட்டு, பதில் போய், அப்புறம்தான் ஒப்புதல். கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024ல் சுற்றறிக்கை போட்டுவிட்டது. ஆனால் அந்தக் கடிகாரம் ஆஸ்பத்திரி பேப்பரை அனுப்பிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அதுவரைக்கும் ஆகிற தாமதம் யாருடையது? நிர்வாகத்தினுடையது. நீங்கள் படித்து முடித்து உட்காரப் போகிற இடம் அதுதான். அதே நேரம் ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி 108ல் வந்த ஒருவர், அந்தப் படுக்கை காலியாகட்டும் என்று எமர்ஜென்சியில் காத்துக்கொண்டிருப்பார்.

இதைப் பார்த்து எரிச்சலோடு கொஞ்சம் ஆர்வமும் வந்தால், "இதை இப்படி மாத்தினா ரெண்டு மணி நேரம் மிச்சமாகுமே" என்று தோன்றினால், மேலே படியுங்கள். எரிச்சல் மட்டும் வந்தால் பி.காம் முடித்துவிட்டு பேங்க் பரிட்சைக்குப் போவது நல்லது.

சரி, எந்தப் படிப்பு? அது நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு பிபிஏவிலேயே ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன் என்று விற்கிறார்கள். என் அபிப்பிராயம், பதினேழு வயதில் இவ்வளவு குறுக்கிக்கொள்ள வேண்டாம். சாதாரண பி.காம் அல்லது பிபிஏ எடுத்து, அக்கவுன்ட்ஸையும் எக்செலையும் கை கூசாமல் செய்யும் அளவுக்குப் பழகுங்கள். இல்லையென்றால் நர்சிங், பி.பார்ம், பிசியோதெரபி மாதிரி நோயாளி பக்கத்தில் நிற்கிற ஒரு படிப்பை முடித்துவிட்டு வாருங்கள். மேனேஜ்மென்ட்டை முதுகலையில் பார்த்துக்கொள்ளலாம். வார்டில் இரண்டு வருடம் வேலை பார்த்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எம்பிஏ முடித்துவிட்டு வந்தால், நேராக எம்பிஏ மட்டும் படித்தவர் ஆறு மாதம் அலைந்து புரிந்துகொள்வதை அவர் முதல் வாரத்திலேயே பிடித்துவிடுவார். டாக்டர்களுக்குத் தனி வழி இருக்கிறது, டெல்லி எய்ம்ஸில் உள்ள மருத்துவமனை நிர்வாக மேற்படிப்பு எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கானது.

முதுகலையில் எல்லோரும் குழம்புவது எம்பிஏவா, எம்எச்ஏவா (மாஸ்டர் ஆஃப் ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன்) என்பதில். எம்எச்ஏ முழுக்க ஆஸ்பத்திரிக்காகவே தைத்த சட்டை: கட்டடத் திட்டமிடல், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், தொற்றுக் கட்டுப்பாடு, தர நிர்ணயம் என்று உள்ளே போகும். எம்பிஏ ஹெல்த்கேரில் நிதி, மார்க்கெட்டிங், மனிதவளம் எல்லாம் பொதுவாகப் படித்துவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். நர்ஸ், ஃபார்மசிஸ்ட் என்று ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள், ஆஸ்பத்திரியை விட்டு நகரப் போவதில்லை என்றால் எம்எச்ஏ எடுக்கலாம். பி.காம்காரர்கள், நாளைக்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ மருந்துக் கம்பெனிக்கோ தாவ வேண்டி வரலாம் என்று நினைப்பவர்கள், எம்பிஏவே எடுங்கள். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் (டிஸ்) எம்எச்ஏ, ஜெய்ப்பூர் ஐஐஎச்எம்ஆர், சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திராவின் எம்பிஏ ஆகியவை இந்தத் துறைக்கென்றே பெயர் வாங்கியவை. நம் மாநிலக் கல்லூரிகளில் அரசு கவுன்சிலிங் வழியாக எம்பிஏ சேர டான்செட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். டிகிரியில் 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45, இருக்க வேண்டும்.

அங்கீகாரத்தைப் பற்றி நீட்டவில்லை. எம்பிஏ, அதே மாதிரி முதுகலை டிப்ளமோவான பிஜிடிஎம் என்றால் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி பெற்ற கல்லூரியா என்று பாருங்கள், பிபிஏவையும் 2024-25லிருந்து அதன் கீழ் கொண்டு வந்துவிட்டார்கள். பல்கலைக்கழகம் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே தேடுங்கள், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே கிடைக்கும். தொலைதூரம், ஆன்லைன் என்றால் அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு, யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புது பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடி ரூமில் போர்டு மாட்டி "ஒரே வருஷத்துல டிகிரி" என்கிறவர்களிடம் டீ கூடக் குடிக்காதீர்கள்.

இன்னொன்று, மெடிக்கல் கோடிங். சேலத்தில் இதற்கு டிரெயினிங் சென்டர்கள் நிறைய. அது நல்ல வேலைதான், கெட்டிக்காரர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள், ஆனால் நம்மூரில் பெரும்பாலும் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்லுக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை (code) போடுகிற வேலை அது. நிர்வாகத்தையும் அதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது சிலபஸ். கல்லூரி கொடுக்கிற வழவழப்பான கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, பல்கலைக்கழகத் தளத்திலிருந்து பாடத்திட்டத்தை இறக்கி வரி வரியாகப் பாருங்கள். எபிடெமியாலஜி (நோய் பரவலைப் பற்றிய படிப்பு), புள்ளியியல், ஹெல்த் எகனாமிக்ஸ், ஆஸ்பத்திரிச் செலவுக் கணக்கு, மருத்துவச் சட்டம் இவை இருக்கின்றனவா? மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது, அந்தத் தீர்ப்பைத் தொடாத சட்டப் பேப்பர் என்ன பேப்பர்? மருத்துவக் கழிவுக்கு 2016 விதிகள், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எதை எதில் போடுவது என்பது வரைக்கும் சொல்லித்தர வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று தருகிற என்ஏபிஎச் அமைப்பின் விதிகளும் பாடத்தில் இருக்க வேண்டும்.

கணக்கு வராது என்பவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 200 படுக்கை, 30 நாள், மொத்தம் 6,000 படுக்கை நாள். அதில் 4,500 நாள் ஆள் இருந்தார்கள் என்றால் 75 சதவீதம் நிரம்பியது. அந்த மாதம் 900 பேர் டிஸ்சார்ஜ் ஆனார்கள் என்றால் ஒருவர் சராசரியாக 5 நாள் தங்கியிருக்கிறார். சிகிச்சையில் கை வைக்காமல், சம்மரி தாமதம், லேப் தாமதம், பில் தாமதம் இவற்றை மட்டும் சரி செய்து அதை 4 நாளாக்கினால், அதே 4,500 நாளில் 1,125 பேரைப் பார்க்கலாம். ஒரு கட்டில் கூட வாங்காமல் 225 பேர் கூடுதல். இந்தக் கணக்கு உங்களுக்குச் சுவாரசியமாக இருந்தால் நீங்கள் இந்த வேலைக்குத் தேறிவிடுவீர்கள்.

எல்லாவற்றையும் விட நான் பெரிதாக நினைப்பது இன்டர்ன்ஷிப். எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை வாரம், எந்தெந்தத் துறையில் என்று எழுத்தில் கேளுங்கள். சொந்த ஆஸ்பத்திரி வைத்திருக்கிற நிறுவனம் என்றால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது, ஆனால் அங்கேயும் மாணவர்களை ஓபி வாசலில் டோக்கன் கொடுக்க நிறுத்திவிட்டு சர்டிபிகேட் எழுதித் தருவதுண்டு. பில்லிங், இன்சூரன்ஸ், ஸ்டோர்ஸ், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், குவாலிட்டி, ஆபரேஷன் தியேட்டர் ஷெட்யூல் என்று சுழற்சியில் விடுகிறார்களா? பாடம் எடுப்பவர்களில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் ஒருவராவது உண்டா?

இந்த விஷயத்தில் சேலம் நல்ல இடம். தர்மபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி ஆட்கள் எல்லாம் பெரிய வைத்தியத்துக்கு இங்கே வருவதால் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைப்பதால், அந்த டெஸ்க்கில் ஒரு மாதம் உட்கார்ந்தால் பேக்கேஜ் விலை என்றால் என்ன, ஏன் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் பழகிவிடும். அதனால் படிப்பு வெளியூர் என்றாலும் ஒரு இன்டர்ன்ஷிப்பை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

அரசு வேலை ஆசை இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஜி.எச்.சில் டீன் முதல் ஆர்எம்ஓ (நிலைய மருத்துவ அலுவலர்) வரைக்கும் டாக்டர்கள்தான், எம்பிஏ வைத்துக்கொண்டு அந்த நாற்காலிக்குப் போக முடியாது. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் அவ்வப்போது ஒப்பந்த அடிப்படையில் தர ஆலோசகர் மாதிரி வேலைகளுக்கு விளம்பரம் கொடுக்கும், அதற்கு எம்எச்ஏ உதவும். ஒப்பந்தம் என்பதை மட்டும் வீட்டில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அமெரிக்கா போய்ப் படிப்பவர்கள் அந்தப் படிப்புக்கு சிஏஎச்எம்இ (CAHME, அங்கே ஹெல்த்கேர் மேனேஜ்மென்ட் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருகிற அமைப்பு) அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

பணம். தனியாரில் முதல் சம்பளம் கட்டிய ஃபீஸைப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும், ஏறுவது அனுபவத்தில்தான். கல்விக்கடன் 4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது, அரசு உத்தரவாதத் திட்டத்தில் 7.5 லட்சம் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் போய் நிலப் பத்திரத்தை வைத்துப் படிக்கிற அளவுக்கு இது அவசரமான படிப்பு இல்லை, ஒரு வருடம் ஆஸ்பத்திரி பில்லிங்கில் வேலை பார்த்துவிட்டு அடுத்த வருடம் டான்செட் எழுதலாம்.

அட்மிஷன் போடும் முன் போன வருடம் முடித்த இரண்டு பேரின் நம்பரை நீங்களே தேடிப் பிடியுங்கள், கல்லூரி கொடுக்கிற நம்பர் வேண்டாம். அவர்களிடம் "எங்கே வேலை" என்று கேட்காதீர்கள், "காலேஜ் வாங்கித் தந்ததா, நீங்களே தேடினதா, இப்ப தினமும் என்ன செய்றீங்க" என்று கேளுங்கள்.