அரிப்பு நின்றால் படை ஆறிவிட்டதா?

கடலூர் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன்கூடை இறக்குபவரின் இடுப்புத்துணி வெயில் ஏறும் வரை உப்புநீரிலும் வியர்வையிலும் ஊறியே கிடக்கும். அந்த ஈரத்தில், தொடை இடுக்கில் ஓரம் மட்டும் சிவந்து தடித்து வட்டமாக வருவது படர்தாமரை என்னும் பூஞ்சைப் படை என்பது வீட்டுப் பாட்டிக்கே தெரியும். தவறு அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று கேட்டால், பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்த குழாய் கைக்கு வந்துவிடுகிறது. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றுக்கு மருத்துவரின் சீட்டு கட்டாயம் என்று 2018-இல் விதி திருத்தப்பட்ட பிறகும் இந்தப் பழக்கம் ஓயவில்லை.

தமிழில் படை என்ற சொல் தோல்நோயையும் சேனையையும் சேர்த்தே குறிப்பது இங்கு வெகு பொருத்தம். 1868-இல் ஜெர்மன் மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் மேல்தோலில் கண்டு, நரம்பின் பகுதியென்று தவறாகக் கருதிய கிளைவிட்ட செல்கள், உண்மையில் நுழையும் கிருமியின் துணுக்கை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று டி செல்கள் என்னும் வெள்ளணுக்களுக்குக் காட்டும் காவலர்கள். படர்தாமரையின் சிவந்த ஓரம் இந்த நோயெதிர்ப்புச் சேனை பூஞ்சையோடு மோதும் களம். ஸ்டீராய்டு சேனையை அடக்குவதால் இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்குகின்றன. பூஞ்சையோ தடையின்றிப் பரவி, வட்ட வடிவம் கலைந்து, மருத்துவரே ஐயுறும் அளவுக்கு உருமாறுகிறது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து வரும் கோடுகள் பெரும்பாலும் மறைவதில்லை.

சொரியாசிஸில் நேர்வது வேறு. அங்கே எதிரியே இல்லாமல் சேனை கிளம்பிவிட்டதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதிர வேண்டிய மேல்தோல் செல்கள் சில நாட்களிலேயே மேலே வந்து செதிலாக உதிர்கின்றன. அதை அழுக்கென்று எண்ணிப் பீர்க்கங்கூடால் தேய்ப்பவர்களுக்கு, தேய்த்த காயத்திலேயே புதுத் தடிப்பு கிளம்புவதுண்டு. தொற்றிக்கொள்ளும் என்று அஞ்சித் தட்டையும் துண்டையும் தனியே வைப்பதும் வீண் கொடுமை. இந்நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கிச் சட்டென நிறுத்துவது அதைவிட ஆபத்து; உடலெங்கும் சீழ்க்கொப்புளங்கள் வெடிக்கக்கூடும்.

கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தையைச் சுடுநீரில் சோப்பிட்டு நெடுநேரம் குளிப்பாட்டுவதும் வேண்டாம். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது. கட்டிச் சோப்போ காரம். இளஞ்சூட்டு நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, ஈரம் உலரும் முன்பே வாசலின் தடவுவது போதும்.

தோல் மருத்துவரிடம் போகும்போது, இதுவரை தடவிய குழாய்களை வெட்கப்பட்டு மறைக்காமல் கையோடு கொண்டு செல்லுங்கள். உருமாறிய படையிலும் சிறிது செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சை இழைகள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.