கிரேட்ஃபுல் டெட் குழுவைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

கலிஃபோர்னியாவில் 1965-இல் உருவாகி, கித்தார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் மறைந்ததோடு நின்றுபோன கிரேட்ஃபுல் டெட் என்னும் சைக்கடெலிக் ராக் குழுவை, ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவான ஆல்பங்களின் வழியாக மட்டும் அறிய முயல்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகிறார்கள். அக்குழுவின் முப்பதாண்டு வாழ்க்கை ஏறத்தாழ 2,300 மேடைகளில்தான் நிகழ்ந்தது. ஆகவே மேடைப் பதிவுகளை நாடுங்கள். அவற்றிலும், ஒரே பாடலை வெவ்வேறு ஆண்டுகளில் தேடிக் கேளுங்கள்.

அதற்கு ‘டார்க் ஸ்டார்’ மிகவும் ஏற்றது. 1968-இல் தனித்தட்டாக வந்த, மூன்று நிமிடத்துக்கும் குறைவான வடிவத்தை இரண்டு மூன்று முறை கேட்டு, மெட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பிறகு 1969-இல் வெளியான ‘லைவ் டெட்’ தொகுப்பில் அதே பாடல் 23 நிமிடங்களுக்கு விரிவதைக் கேளுங்கள். அப்போது கார்சியாவை விட்டுவிட்டு, ஃபில் லெஷின் பேஸ் கித்தாரைப் பின்தொடர வேண்டும். இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பேரியோவிடம் பயின்ற லெஷ், தாளத்துக்குத் துணைநிற்பதோடு அடங்காமல், கார்சியாவுக்கு எதிர்மெட்டு ஒன்றை வாசித்துக்கொண்டே செல்வார். அந்த உரையாடல் காதுக்குப் பிடிபட்டுவிட்டால், நீளம் ஒரு சுமையாகவே தோன்றாது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து, 1972 ஆகஸ்ட் 27 அன்று ஆரெகன் மாநிலத்தின் வெனீட்டாவில், ஒரு பால்பண்ணைக்கு நிதி திரட்டுவதற்காகக் கடும் வெயிலில் நடந்த நிகழ்ச்சிக்குச் செல்லுங்கள். குழுவின் இரு டிரம்ஸ் கலைஞர்களில் மிக்கி ஹார்ட் அப்போது விலகியிருந்ததால் பில் க்ரூட்ஸ்மன் ஒருவரே வாசித்தார். அதனால் இசை இலகுவாகி, நினைத்த இடத்தில் சட்டென்று திரும்புகிறது. ஹார்ட் திரும்பி வந்தபின் இரட்டை டிரம்ஸ் தரும் கட்டுறுதியை உணர, 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழக நிகழ்ச்சியைக் கேட்டு ஒப்பிடலாம்.

ரசிகர்கள் பதிவு செய்வதைக் குழு அனுமதித்து, 1984 முதல் அவர்களுக்குத் தனி இடமும் ஒதுக்கியதால், ஒரே இரவுக்குப் பல பதிவுகள் கிடைக்கும். தொடக்கத்தில், மேடையின் ஒலிக்கலவைக் கருவியிலிருந்து நேரடியாக எடுத்தவற்றையே தேர்ந்தெடுங்கள். அவற்றில் ஒவ்வொரு கருவியும் தெளிவாகப் பிரிந்து கேட்கும்.

இறுதியாக, 1990 மார்ச் 29 அன்று நியூயார்க்கின் நாசோ அரங்கில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் இணைந்து வாசித்த ‘டார்க் ஸ்டார்’ பாடலுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்.