கண்டெடுத்த மெமரி கார்டை உரியவரிடம் சேர்ப்பது எப்படி

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கோயில் திருவிழா வந்துவிட்டால், ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் குடியேறிவிட்ட பிள்ளைகள் குடும்பத்தோடு பழைய லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, திரும்புவார்கள். கரகம் பாலிப்பதிலிருந்து தீமிதி முடியும்வரை படமெடுக்க வெளியூர்ப் புகைப்படக்காரர் ஒருவரும் வந்திருப்பார். மறுநாள் பந்தலைப் பிரிக்கும்போது நாற்காலிக்கு அடியிலோ, செம்பனைக் காட்டுப் பாதையின் செம்மண்ணிலோ அவருடைய மெமரி கார்டு கிடைப்பதுண்டு. நகலெடுக்கவும் படம் அச்சிடவும் ஊரில் ஒரு சிறு கடை வைத்திருப்பதால், இப்படிக் கிடைத்த கார்டுகளைப் பலர் என்னிடம் கொண்டுவருகிறார்கள். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகுதான் படங்களைக் கணினிக்கு மாற்றுவார்கள். அதற்குள் கார்டு விழுந்துவிட்டால், கேமராவில் இரண்டாவது கார்டு போட்டிருந்தாலொழிய அந்த நாளுக்கு வேறு பிரதி கிடையாது. ஆட்கள் குறைந்து, அடுத்த ஆண்டு திருவிழா நடக்குமா என்று தெரியாத தோட்டமாக இருந்தால் அந்த இழப்பின் கனம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே, கண்டெடுத்தவருடைய முதல் கடமை, அந்தக் கார்டில் புதிதாக எதுவும் எழுதப்படாமல் பார்த்துக்கொள்வதுதான்.

ஆர்வத்தில் அதைக் கைப்பேசியில் செருகிப் பார்க்காதீர்கள். கைப்பேசி தன் விருப்பத்துக்குச் சில ஃபோல்டர்களை அதில் உருவாக்கிவிடும். கார்டைச் சரியாகப் படிக்க முடியாவிட்டால் ஃபார்மெட் செய்யட்டுமா, அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கட்டுமா, என்றும் கேட்கும். கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் எஸ்டி கார்டு 32 மில்லிமீட்டர் உயரமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உள்ள சிறு தகடு. பெயர் எழுதிய பக்கம் நம்மைப் பார்த்திருக்கும்படி பிடித்தால் இடது ஓரத்தில் நகத்தால் நகர்த்தக்கூடிய ஒரு சிறிய பொத்தான் தெரியும். அதைக் கீழ்நோக்கித் தள்ளிவிட்டால் கார்டு பூட்டிய நிலைக்கு வரும். கணினியால் அதைப் படிக்க முடியுமே தவிர அதில் எழுதவோ அழிக்கவோ முடியாது. மைக்ரோ எஸ்டி கார்டில் அந்தப் பொத்தான் இல்லை என்பதால், அதை எஸ்டி அடாப்டரில் போட்டு அடாப்டரின் பொத்தானைத் தள்ள வேண்டும். புகைப்படக்காரர் தவறுதலாக அழித்த படங்கள்கூட, அவற்றின்மேல் வேறொன்று எழுதப்படாதவரை பெரும்பாலும் மீட்கக்கூடியவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மழையிலோ சேற்றிலோ கிடந்த கார்டாக இருந்தால் மென்மையான உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, நிழலில் ஓரிரு நாள் காயவிடுங்கள். வெயிலில் வைப்பதோ முடி உலர்த்தும் கருவியைக் காட்டுவதோ வேண்டாம். பின்புறத்துப் பொன்னிறத் தகடுகளை விரலால் தொடக்கூடாது.

அதன் பிறகு கார்டு ரீடர் வழியாகக் கணினியில் திறக்கலாம். ஃபார்மெட் செய்யச் சொல்லியோ பிழையைச் சரிசெய்யச் சொல்லியோ திரையில் கேள்வி வந்தால் மறுத்துவிடுங்கள். டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள் படங்கள் இருக்கும். இங்கே ஒரு கட்டுப்பாடு அவசியம்: உரியவரைக் கண்டுபிடிக்க எத்தனை படங்கள் போதுமோ அத்தனை மட்டும் பாருங்கள். கல்யாண வீட்டுக் கார்டில் மணப்பெண் அலங்கார அறையில் எடுத்த படங்கள் இருக்கும். அவை நமக்கானவை அல்ல. நான் முதல் பத்துப் படங்களையும் கடைசி ஐந்து படங்களையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அனுபவமுள்ள புகைப்படக்காரர் பலர் வேலையைத் தொடங்கும்போதே அழைப்பிதழையோ மண்டப வாசலின் பெயர்ப் பலகையையோ படமெடுத்துவிடுவார்கள் என்பதால், இரு வீட்டார் பெயரும் இடமும் தேதியும் அந்த முதல் படங்களிலேயே கிடைத்துவிடும்.

அப்படிக் கிடைக்காவிட்டால், ஒரு படத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸ் என்பதில் டீடெயில்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு படத்தோடும் எக்ஸிஃப் என்ற தகவல் தொகுப்பு சேர்ந்தே பதிவாகிறது. எடுத்த நேரம், கேமராவின் வகை ஆகியவற்றோடு, உரிமையாளர் தம் பெயரைக் கேமராவில் பதித்து வைத்திருந்தால் அதுவும், பல கேமராக்களில் அந்தக் கருவியின் வரிசை எண்ணும் அதில் இருக்கும். டிஜெஐ என்று தொடங்கும் கோப்புகள் பெரும்பாலும் டிரோனில் எடுத்தவை. அவற்றில் இடத்தின் ஆயத்தொலைவுகளும் பெரும்பாலும் பதிவாகியிருக்கும்.

கார்டை யாரிடம் கொடுப்பது என்பதில் பலருக்குக் குழப்பம் வருகிறது. 1987-ஆம் ஆண்டின் மலேசியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும். ஆனால் கார்டு என்ற பொருள் புகைப்படக்காரருடையது. அதில் வேறு இரண்டு குடும்பங்களின் படங்களும் இருக்கக்கூடும். எனவே குடும்பத்தாரை அவரிடம் சேரும் வழியாக வைத்துக்கொண்டு, கார்டை அவரிடமே ஒப்படைப்பதுதான் முறை. உரியவரைத் தேட நியாயமான முயற்சி எதுவும் செய்யாமல், கண்டெடுத்த பொருளைத் தனதாக்கிக்கொள்வது தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவின்கீழ் குற்றமாகலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

தேடுவதற்கு முகநூல்தான் பலருக்கு முதலில் தோன்றும். அதில் கார்டிலுள்ள முகங்களைப் போடாதீர்கள். அருள் வந்து ஆடும் பெண்ணின் படத்தை ஊரே பார்க்கும்படி செய்ய நமக்கு எந்த உரிமையும் இல்லை. கோயில் செயலாளர், மண்டபக் காவலாளி, பந்தல் போட்டவர், அலங்காரம் செய்த அக்கா ஆகியோரிடம் கேட்டால் ஒரு நாளிலேயே புகைப்படக்காரரின் எண் கிடைத்துவிடும். புலன (வாட்ஸ்அப்) குழுவில் அறிவிப்பதானால் கிடைத்த ஊரையும் நாளையும் மட்டும் சொல்லுங்கள். கார்டின் நிறுவனம், கொள்ளளவு, அதிலுள்ள கீறல் ஆகியவற்றை மறைத்து வையுங்கள். வருபவரைச் சோதிக்க அவை தேவைப்படும்.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர், தம்முடையது என்று ஒரு கார்டைக் கேட்டு வந்தார். "தம்பி, கேமராவைக் கொஞ்சம் திருப்பிப் பிடிங்க" என்றேன். "இதோ அண்ணே" என்று அடிப்பக்கத்தைக் காட்டினார். வியர்வையில் மங்கிப்போன ஒட்டுத்தாளின்மேல் கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்து, நான் தாளில் குறித்து வைத்திருந்த வரிசை எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டோம். கடைசி இலக்கமும் பொருந்தியபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வரிசை எண் பதிவாகாத கேமரா என்றால் கோப்பு எண்ணைப் பாருங்கள்: கார்டின் கடைசிப் படம் 4817 என்றிருந்தால், எண் தொடரும்படி அமைத்த கேமராவில் அதற்குப் பிறகு எடுத்த படங்கள் 4818-லிருந்து தொடங்கியிருக்கும்.

நேரில் கொடுப்பதே நல்லது. அஞ்சலில் அனுப்ப வேண்டியிருந்தால், சிறு பிளாஸ்டிக் பெட்டியிலிட்டு இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் வைத்து, கண்காணிப்பு எண்ணுள்ள சேவையில் அனுப்புங்கள். கார்டின்மேல் நேரடியாக ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். உரியவர் கிடைக்கவே இல்லையென்றால் காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்து கார்டை ஒப்படைத்து, புகாரின் நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பெற்றுக்கொள்பவர் பூட்டுப் பொத்தானை நகர்த்தாமலே அங்கேயே படங்களைத் திறந்து பார்க்கட்டும். கணினிக்கு மாற்றும்வரை அந்தக் கார்டில் மேற்கொண்டு படமெடுக்க வேண்டாமென்று சொல்லி அனுப்புங்கள். பிறகு கோயில் செயலாளருக்குத் தகவல் சொல்லி, புலன அறிவிப்பை நீக்கி, எண்கள் குறித்த தாளைக் கிழித்துவிடுங்கள்.