ஸ்பீடு போட்டில் முதல்முறை ஏறப் போகிறீர்களா? ஏற்காடு ஏரியிலேயே பழகுங்கள்

சேலத்துக்காரர்களுக்குப் படகு என்றால் ஏற்காடு ஏரியில் மிதிக்கிற பெடல் போட்தான். லீவுக்கு முட்டுக்காடு, கோவா, அந்தமான் என்று போய் ஸ்பீடு போட்டில் ஏறும்போதும் அதே நினைப்பில் உட்கார்ந்துவிடுகிறோம். என் சித்தி ஒரு கடற்கரை ஊரில், காற்று நன்றாக வரும் என்று முன்வரிசையைப் பிடித்தார். ஒரு அலையில் படகு எகிறி, தொப்பென்று விழுந்தது. முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கிவிட்டது. மூன்று மாதம் இடுப்புப் பெல்ட். அவர் தண்ணீரில் விழவே இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே நடந்தது இது.

படி 1: ஜாக்கெட்

அடுத்த முறை ஏற்காடு படகு இல்லத்துக்குப் போகும்போது, கொடுக்கிற லைஃப் ஜாக்கெட்டைப் பேருக்கு மாட்டாமல் நிதானமாகப் போட்டுப் பாருங்கள். கொக்கி ஒவ்வொன்றும் 'டக்'கென்று விழ வேண்டும். வார்களை இழுத்து இறுக்குங்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம், தோள்பட்டைப் பகுதியில் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறி வந்தால் அது தொளதொள. தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்கும், ஆள் கீழே நழுவுவார். குழந்தைக்குப் பெரியவர்கள் ஜாக்கெட் வேண்டவே வேண்டாம். தொடை நடுவே மாட்டுகிற வார் உள்ள சின்ன அளவைக் கேட்டு வாங்குங்கள். துப்பட்டா, முந்தானை எல்லாம் ஜாக்கெட்டுக்கு உள்ளே.

படி 2: ஏறும் முன் இரண்டு பார்வை

முதலில் தலைகளை எண்ணுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள், அதற்கு மேல் ஒருவர் இருந்தாலும் அடுத்த படகுக்கு நில்லுங்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள்.

அடுத்து, ஓட்டுபவர் கையிலோ காலிலோ சுருள் கயிறு ஒன்று மாட்டியிருக்கிறதா பாருங்கள். அவர் தவறி விழுந்தால் அந்தக் கயிறு பிடுங்கிக்கொண்டு வந்து இன்ஜினை நிறுத்திவிடும். அது இல்லையென்றால் ஆளில்லாத படகு சுற்றிச் சுற்றி வந்து, விழுந்தவர் மேலேயே ஏறலாம். சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் தயங்காமல் மாட்டச் சொல்லுங்கள்.

படி 3: எங்கே உட்காருவது

இதுதான் முக்கியம். ஏற்காடு பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போடும், இல்லையா? படகில் அது அப்படியே தலைகீழ். அலையில் ஏறி இறங்குவது முன்பக்கம்தான், பின்பக்கம் தண்ணீரிலேயே கிடக்கும். அதனால் வயதானவர்கள், முதல்முறை வருபவர்கள், குழந்தைகள் எல்லாரும் பின்வரிசைக்கு. கர்ப்பிணிகளும், முதுகுவலி, எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் ஏறவே வேண்டாம். ஐந்து நிமிட சந்தோஷத்துக்கு அது தகாது.

பாதம் இரண்டும் தரையில் பதியட்டும், முதுகு நேராக, இரண்டு கையும் கம்பியில். குனிந்தோ, செல்ஃபிக்காகத் திரும்பியோ இருக்கும்போது அடி விழுந்தால்தான் முதுகு மோசமாக மாட்டிக்கொள்ளும். போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

படி 4: ஓட்டுபவரிடம் ஒரு பேச்சு

வேகம் எடுத்தபின் இன்ஜின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. கிளம்பும் முன்பே, "அண்ணா, கை தூக்குனா ஸ்பீடைக் குறைச்சிடுங்க" என்று சொல்லி வையுங்கள். எதிரே இன்னொரு படகு போனால் அது கிளப்பிய அலை உங்களுக்கு வரும். அப்போது பிடியை இறுக்குங்கள்.

படி 5: விழுந்துவிட்டால்

நீந்திப் படகைத் துரத்த வேண்டாம். முழங்காலை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதந்துகொண்டிருங்கள், ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டுங்கள். படகு திரும்பி வந்ததும் அவசரப்பட்டுப் பின்பக்கம் போகாதீர்கள், அங்கேதான் படகைத் தள்ளும் இன்ஜின் விசிறி சுற்றும். நியூட்ரலில் இருக்கிறது என்று சொன்னாலும் நம்பி ஏற வேண்டாம். இன்ஜின் சத்தம் முழுதாக அடங்கியபிறகு கையை நீட்டுங்கள்.