கடலோர மொட்டைமாடியில் காய்கறித் தோட்டம்

வடசென்னையின் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் மாடித்தோட்டம் போட விரும்புவோர் முதலில் தண்ணீரைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். இங்குப் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பதால், அதையே நாள்தோறும் ஊற்றினால் மண்ணில் உப்புத் தேங்கி, இலைகளின் ஓரம் பழுப்பேறிக் கருகும். தொட்டியின் விளிம்பில் வெண்மையாகப் பூக்கும் படிவே அதற்கு அடையாளம். அப்போது, அடித்துளை வழியே வழிந்தோடும் அளவுக்கு நல்ல நீரை இரண்டு மூன்று முறை ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். அன்றாடப் பாசனத்திற்குச் சேமித்த மழைநீரும் உப்புச் சேராத அரிசி களைந்த நீரும் மிக நல்லவை.

செம்மண், மட்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து பைகளை நிரப்பலாம். நார்க்கழிவிலும் உப்பு இருக்கக்கூடும் என்பதால், அதை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். இதில் சோம்பல் கூடவே கூடாது.

பீன்ஸ் உப்பைத் தாங்காது. புதிதாகத் தொடங்குவோர் தண்டுக்கீரையை விதைப்பதே நல்லது என்பது என் கருத்து. அது உப்பை ஓரளவு தாங்குவதோடு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிப்புக்கும் வந்துவிடும். வெண்டையை முற்றவிடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்பே பைகளைச் செங்கற்களின் மீது தூக்கி வைத்து, அடித்துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.