‘டிஸ்அப்யூஸ்’ கைக்கு வந்த விதம்

ஒருவரைத் தவறான நம்பிக்கையிலிருந்து விடுவிப்பதைக் குறிக்கும் ‘டிஸ்அப்யூஸ்’ என்ற ஆங்கில வினை, படிக்கும்போது புரிந்தது. எழுதும்போதுதான் முரண்டு பிடித்தது. உள்ளே இருக்கும் ‘அப்யூஸ்’ வசையையே நினைவூட்டியது முதல் தொல்லை. அதற்கு ஒருகாலத்தில் ‘ஏமாற்று’ என்ற பொருளும் இருந்ததை அகராதியில் கண்டதும் முடிச்சு அவிழ்ந்தது: ஏமாந்த நிலையை நீக்குவது!

பெரிய சிக்கல் வாக்கிய அமைப்பு. பொய்யென்று அம்பலப்படுத்துவதைக் குறிக்கும் ‘டிபங்க்’ என்ற வினை நம்பிக்கையையே நேராகத் தாக்கும். இந்த வினைக்கோ செயப்படுபொருள் மனிதர். நம்பிக்கை அவருக்குப் பின்னால் ‘ஆஃப்’ உடன் வரும். ‘ராப்’, ‘க்யூர்’, ‘டிப்ரைவ்’ ஆகியவையும் இப்படித்தான். அவற்றோடு சேர்த்து எழுதிப் பழகியதும் கை படிந்தது.

பயிற்சிக்குச் சீனப் பெருஞ்சுவரை எடுத்துக்கொண்டேன். விண்வெளியிலிருந்து அது தெரியும் என்று பலர் நம்பியிருக்க, 2003இல் விண்வெளிக்குச் சென்று திரும்பிய சீன வீரர் யாங் லிவெய் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். ‘ஹி டிஸ்அப்யூஸ்டு மெனி ஆஃப் தட் நோஷன்.’ ‘நோஷன்’, ‘ஐடியா’, ‘இல்யூஷன்’ ஆகியவற்றோடு இது இயல்பாகப் பொருந்துகிறது.

சாதாரணப் பேச்சில் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் போல ஒலிக்கும். கட்டுரைகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.